வகுப்புல ஏப்பம் விட்டா கைவிலங்கா? அமெரிக்கப் பள்ளிகளில் போலீஸ் என்ன பண்றாங்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இந்த எபிசோடு எங்க அக்காகிட்ட இருந்து வந்த ஒரு போன் காலில்தான் ஆரம்பிச்சது.

அக்கா டெக்சாஸ்ல இருக்காங்க. அவங்க பையனுக்குப் பன்னிரண்டு வயசு, ஏழாம் வகுப்பு. ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது சாதாரணமா சொல்லியிருக்கான்: "இன்னைக்கு ஆபீசர் என்னைக் கூப்பிட்டு கேள்வி கேட்டாரும்மா." லாக்கர் பக்கத்துல யாரோ ஒரு வேப் போட்டுட்டுப் போயிருக்காங்க. அந்தப் பக்கம் நின்ன பசங்களை ஒவ்வொருத்தரா ஒரு ரூமுக்குள்ள கூப்பிட்டு விசாரிச்சிருக்காங்க. இவன் இருபது நிமிஷம் உள்ள இருந்திருக்கான். தெரிஞ்சது, தெரியாதது எல்லாத்தையும் சொல்லியிருக்கான். வீட்டுக்கு ஒரு போன்கூட வரலை.

அக்கா என்கிட்ட கேட்டாங்க: "டேய், அந்த ஆபீசர் யாருடா? வாட்ச்மேனா, பி.டி. வாத்தியாரா, இல்ல நிஜமாவே போலீஸா?"

நான் பெரிய அறிவாளி மாதிரி, "செக்யூரிட்டியா இருக்கும்க்கா, பயப்படாத"ன்னு சொல்லிட்டேன். அது தப்பான பதில்னு அப்புறம் தேடிப் படிச்சப்போதான் தெரிஞ்சது. அவர் நிஜ போலீஸ். இடுப்புல துப்பாக்கி, கைது பண்ற அதிகாரம், எல்லாம் உண்டு. அவர் அங்க எதுக்கு இருக்கார், அவர் வேலை எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது, இதெல்லாம்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

யார் இந்த ஆபீசர்?

அமெரிக்காவுல இவங்களுக்குப் பேரு 'ஸ்கூல் ரிசோர்ஸ் ஆபீசர்'. சுருக்கமா எஸ்.ஆர்.ஓ. பெரும்பாலும் ஊர் போலீஸ் துறையோ, கவுண்டி ஷெரிஃப் அலுவலகமோ பள்ளிக்கு அனுப்பி வைக்கிற போலீஸ்காரர். சில ஊர்கள்ல பள்ளி மாவட்டமே தனியா ஒரு போலீஸ் துறை வெச்சிருக்கும். டெக்சாஸ்ல இது ரொம்ப சகஜம்.

இவங்களுக்குன்னு ஒரு தேசிய சங்கம் இருக்கு, நாஸ்ரோன்னு பேரு. 1991ல ஆரம்பிச்சாங்க. எஸ்.ஆர்.ஓ.வுக்கு மூணு வேலைன்னு அவங்க சொல்றாங்க: சட்டத்தைக் காக்கிறவர், பாடம் எடுக்கிறவர், பசங்க மனசு விட்டுப் பேசக்கூடிய ஆலோசகர். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு எட்டாம் வகுப்புப் பையனோட இடத்துல இருந்து யோசிங்க. "எங்க வீட்ல அண்ணன் கஞ்சா அடிக்கிறான், எனக்குப் பயமா இருக்கு"ன்னு ஆலோசகர்னு நம்பி ஒருத்தர்கிட்ட சொல்றான். அதே ஆள் மறு நிமிஷம் போலீஸ்காரர். இந்தப் பையன் இப்ப யார்கிட்ட பேசினான்?

இன்னொரு சிக்கல், அவருக்கு யார் மேனேஜர்ங்கறது. ஐ.டி.யில இருக்கிறவங்களுக்கு இது உடனே புரியும். சம்பளம் ஒரு டீம்ல, வேலை இன்னொரு டீம்ல, அப்ரைசல் யார் பண்ணுவாங்கன்னே தெரியாது இல்லையா? அதே கதைதான். தினமும் அவர் இருக்கிறது பிரின்சிபாலோட கட்டடத்துல. ஆனா அவர் பதில் சொல்றது போலீஸ் துறைக்கு. ஒரு பையனைக் கைது பண்ணணும்னு அவர் முடிவெடுத்தா, "வேண்டாம்"னு தடுக்கிற அதிகாரம் பெரும்பாலும் பிரின்சிபாலுக்குக் கிடையாது.

எப்படி உள்ள வந்தாங்க?

1950கள்ல மிச்சிகன் மாநிலம் ஃப்ளின்ட் நகரத்துலதான் முதல் திட்டம் ஆரம்பிச்சதா சொல்வாங்க. போலீஸுக்கும் பசங்களுக்கும் நல்ல பழக்கம் வரணும்ங்கறதுதான் அப்போ நோக்கம். ரொம்ப வருஷம் அது சின்ன விஷயமாவே இருந்தது. 1975ல அமெரிக்கப் பள்ளிகள்ல ஒரு சதவீதத்துலதான் போலீஸ் இருந்தாங்க.

மாறினது 90கள்ல. இளைஞர் குற்றம் பத்தி நாடே பயந்துபோன நேரம். 1994ல 'கன் ஃப்ரீ ஸ்கூல்ஸ் ஆக்ட்'னு ஒரு மத்திய சட்டம் வந்தது. துப்பாக்கி கொண்டு வர்ற மாணவனைக் குறைஞ்சது ஒரு வருஷம் வெளியேத்தணும். அது நியாயம்தான். ஆனா 'ஜீரோ டாலரன்ஸ்'ங்கற அந்த மனநிலை துப்பாக்கியோட நிக்கலை. சண்டை, வாய்ப்பேச்சு, வகுப்புல சத்தம்னு கீழ இறங்கி வந்தது.

அப்புறம் 1999 ஏப்ரல் 20. கொலராடோவுல கொலம்பைன் பள்ளி. ரெண்டு மாணவர்கள் சுட்டதுல 12 மாணவர்களும் ஒரு ஆசிரியரும் இறந்தாங்க. நாடே உறைஞ்சு போச்சு. மத்திய அரசு 'காப்ஸ் இன் ஸ்கூல்ஸ்' திட்டத்துல 75 கோடி டாலர் அளவுக்குக் கொடுத்து 6,500க்கும் மேற்பட்ட ஆபீசர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பிச்சது. இன்னைக்கு அமெரிக்க அரசுப் பள்ளிகள்ல பாதிக்குக் கிட்ட வாரத்துல ஒரு நாளாவது போலீஸ் இருக்காங்க.

ஒரு விவரம் நிறைய பேருக்குத் தெரியாது. கொலம்பைன்ல அன்னைக்கே ஒரு ஆயுதம் தாங்கிய எஸ்.ஆர்.ஓ. இருந்தார். அவர் சுடவும் செஞ்சார். தடுக்க முடியலை.

ஒழுங்கு எங்க முடியுது, குற்றம் எங்க ஆரம்பிக்குது?

துப்பாக்கிச் சூடு அபூர்வம். பெரும்பாலான பள்ளிகள்ல ஆபீசரோட முழு சர்வீஸ்லயும் அது நடக்காது. அப்போ தினமும் அவர் முன்னாடி நடக்கிறது என்ன? லேட்டா வர்றது, வாயாடுறது, தள்ளுமுள்ளு, போன் நோண்டுறது. ஒரு ப்ரொடக்ஷன் இன்ஜினியரைக் கொண்டுவந்து ஹெல்ப் டெஸ்க்ல உக்கார வெச்சா, கொஞ்ச நாள்ல பாஸ்வேர்ட் ரீசெட்டும் அவர் டேபிளுக்குத்தான் வரும். ஆனா அவர் கையில இருக்கிற டூல் வேற. வாத்தியார் கையில இருக்கிறது டிடென்ஷன். போலீஸ் கையில இருக்கிறது விலங்கு.

மூணு சம்பவம் சொல்றேன்.

முதல் கதை, 2011, நியூ மெக்சிகோவுல ஆல்புகர்க்கி. 13 வயசுப் பையன் பி.டி. கிளாஸ்ல வேணும்னே ஏப்பம் விட்டுப் பசங்களைச் சிரிக்க வைக்கிறான். வராண்டாவுக்கு அனுப்பினாலும் தலையை உள்ள நீட்டி ஏப்பம் விடறான். டீச்சருக்குக் கடுப்பு, பள்ளி போலீஸைக் கூப்பிடறாங்க. அந்த மாநிலத்துல 'கல்வி நடவடிக்கையில குறுக்கிடுதல்'னு ஒரு குற்றப் பிரிவு இருக்கு. அதுல பையனைக் கைது பண்ணி, விலங்கு மாட்டி, சிறார் தடுப்பு மையத்துக்குக் கொண்டு போயிட்டாங்க. அம்மா வழக்குப் போட்டாங்க. 2016ல மேல்முறையீட்டு நீதிமன்றம் ரெண்டுக்கு ஒண்ணுன்னு ஆபீசர் பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு. மறுப்புத் தீர்ப்பு எழுதினவர் நீல் கோர்சச். அடுத்த வருஷமே உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர், கட்டுப்பெட்டியான நீதிபதின்னு பேர் எடுத்தவர். அவரே, இந்த மாதிரி சில்லறைக் குறும்பைப் பள்ளியே பார்த்துக்கணும், சட்டத்தை இவ்வளவு தூரம் இழுக்கக் கூடாதுங்கற பக்கம் நின்னார்.

ரெண்டாவது, 2015 அக்டோபர், தென் கரோலினா. ஸ்பிரிங் வேலி உயர்நிலைப் பள்ளி. ஒரு பொண்ணு போனை எடுத்து வெச்சிக்கிட்டா, வெளிய போன்னா போகலை. ஆசிரியர் நிர்வாகியைக் கூப்பிட்டார். நிர்வாகி ஆபீசரைக் கூப்பிட்டார். அவர் அந்தப் பொண்ணை டெஸ்க்கோட சாய்ச்சுத் தரையில இழுத்த வீடியோவை நீங்களே பார்த்திருப்பீங்க. ரெண்டு நாள்ல ஷெரிஃப் அந்த ஆபீசரை வேலையை விட்டுத் தூக்கிட்டார். ஆனா அதோட முடியலை. "இப்படிப் பண்ணாதீங்க"ன்னு சத்தம் போட்ட இன்னொரு மாணவியையும் அன்னைக்குக் கைது பண்ணினாங்க. பிரிவு என்னன்னா 'பள்ளியைத் தொந்தரவு செய்தல்'. 90 நாள் வரைக்கும் ஜெயில் கொடுக்கலாம்.

இந்தச் சட்டத்தோட பூர்வீகம் விசித்திரமானது. 1919ல பெண்கள் கல்லூரிப் பக்கம் வந்து வம்பு பண்ற வெளியாட்களைத் தடுக்கக் கொண்டு வந்தது. அது நூறு வருஷம் கழிச்சு வகுப்புக்குள்ள உக்கார்ந்திருக்கிற மாணவி மேலயே பாயுது. 2018ல, சொந்தப் பள்ளி மாணவர்கள் மேல இது பாயாதுன்னு சட்டத்தை மாத்தினாங்க. 2023ல மேல்முறையீட்டு நீதிமன்றம், மாணவர்கள் மேல இதைப் பயன்படுத்தினதே அரசியலமைப்புக்கு விரோதம்னு சொல்லிடுச்சு. காரணம், எது தொந்தரவு, எது இல்லைன்னு சட்டத்தைப் படிச்சா யாருக்குமே புரியாது.

மூணாவது அக்கா இருக்கிற டெக்சாஸ். அங்க ஒரு காலத்துல வகுப்புல கலாட்டா பண்ணினா போலீஸ் டிக்கெட் எழுதிக் கொடுப்பாங்க. ட்ராஃபிக் டிக்கெட் மாதிரியே. 500 டாலர் வரைக்கும் அபராதம், கோர்ட்டுக்கு வேற போகணும். 2013ல அதை நிறுத்தினாங்க. அதுக்கு அப்புறமும் பள்ளிக்கு மட்டம் போடறது அங்க கிரிமினல் குற்றமாத்தான் இருந்தது. 2015லதான் அதையும் எடுத்தாங்க.

மூணுலயும் பொதுவா இருக்கிறதைக் கவனிங்க. சட்டத்தோட வார்த்தைகள் தொளதொளன்னு இருக்கு. 'தொந்தரவு', 'குறுக்கீடு', 'ஒழுங்கீனம்'. பதின்மூணு வயசுல நாம பண்ணாத எது இதுல இல்ல? யாரை இந்த வார்த்தைக்குள்ள அடைக்கிறதுங்கறது, அங்க நிக்கிற ஆள் யாரை எப்படிப் பார்க்கிறார்ங்கறதைப் பொறுத்துப் போயிடுது. 2015-16 கல்வியாண்டுக்கான மத்திய அரசுக் கணக்குப்படி, மாணவர்கள்ல கறுப்பினத்தவர் 15 சதவீதம். பள்ளியில இருந்து போலீஸ்கிட்ட அனுப்பப்பட்டவங்க, கைதானவங்கள்ல அவங்க 31 சதவீதம்.

பையைத் திறந்து பார்க்கலாமா? கேள்வி கேட்கலாமா?

ரெண்டு உச்ச நீதிமன்ற வழக்கு தெரிஞ்சா போதும்.

1985, நியூ ஜெர்சி எதிர் டி.எல்.ஓ. பாத்ரூம்ல சிகரெட் பிடிச்சதா 14 வயசுப் பொண்ணு மாட்டுறா. உதவித் தலைமையாசிரியர் கைப்பையைத் திறக்கிறார், சிகரெட்டோட கஞ்சாவும் வருது. நீதிமன்றம் சொன்னது: மாணவர்களுக்கும் அந்தரங்க உரிமை உண்டு. ஆனா பள்ளி அதிகாரி சோதனை போட, போலீஸுக்குத் தேவைப்படற அளவு வலுவான காரணம் வேண்டாம். நியாயமான சந்தேகம் இருந்தா போதும்.

சரி, சோதனை போடறவரே போலீஸா இருந்தா? அந்தக் கேள்வியை நீதிமன்றம் அன்னைக்குத் தொடாம விட்டுடுச்சு. அப்புறம் பல மாநில நீதிமன்றங்கள், எஸ்.ஆர்.ஓ.வும் பள்ளி அதிகாரி மாதிரிதான்னு சொல்லி அதே குறைஞ்ச அளவுகோலை அவருக்கும் கொடுத்துட்டாங்க. அதாவது போலீஸோட அதிகாரம், வாத்தியாரோட சலுகை, ரெண்டும் ஒரே ஆள் கையில.

ரெண்டாவது 2011, ஜே.டி.பி. எதிர் வட கரோலினா. இதைப் படிச்சப்போ எனக்கு அக்கா பையன்தான் கண்ணு முன்னாடி வந்தான். 13 வயசு, ஏழாம் வகுப்பு. வீடு புகுந்து திருடின வழக்கு. சீருடை போட்ட ஆபீசர் வகுப்புல இருந்து கூட்டிட்டு வந்து ஒரு ரூம்ல உக்கார வைக்கிறார், கதவைச் சாத்தறாங்க. போலீஸ் விசாரணையாளர் அரை மணி நேரத்துக்குக் குறையாம கேள்வி கேக்கறார். பாட்டிக்குப் போன் பண்ணலை. பேசாம இருக்க உரிமை உண்டுன்னும் சொல்லலை. பையன் ஒத்துக்கிட்டான்.

கேள்வி இதுதான்: அந்தப் பையன் 'காவல்ல' இருந்தானா? காவல்ல இருந்தாத்தான் 'மிராண்டா' எச்சரிக்கை சொல்லணும். சினிமாவுல கேட்டிருப்பீங்களே, "பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு", அது. ஒரு பெரியவர்னா எழுந்து போயிருக்கலாமேன்னு வாதம் பண்ணலாம். ஆனா ஏழாம் வகுப்புப் பையன் பிரின்சிபால் ரூம்ல இருந்து எழுந்து போவானா? அஞ்சுக்கு நாலுன்னு நீதிமன்றம் சொன்னது: குழந்தையோட வயசையும் கணக்குல எடுத்துத்தான் இதை முடிவு பண்ணணும்.

சரி, இதனால பாதுகாப்பு கூடுதா?

இங்க நியாயமா பேசணும். போலீஸ் வேணும்னு கேக்கறவங்க கெட்டவங்க இல்ல. துப்பாக்கி கடையில கிடைக்கிற நாட்டுல குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பறவங்க அவங்க. எங்க அக்காவே முதல்ல கேட்டது, "இருந்தா நல்லதுதானேடா?"ன்னுதான்.

ஆய்வுகள் சொல்றது கலவையா இருக்கு. நாடு முழுக்கப் பள்ளிகளோட தரவை வெச்சு லூசி சோரன்சனும் கூட்டாளிகளும் பண்ணின ஆய்வு ஒண்ணு இருக்கு. எஸ்.ஆர்.ஓ. வந்தா அடிதடி மாதிரி சில வன்முறை குறையுது. இது உண்மையான பலன். ஆனா துப்பாக்கிச் சம்பவங்கள் குறையலை. அதே நேரத்துல சஸ்பெண்ட், வெளியேற்றம், கைது எல்லாம் கூடுது. கறுப்பின மாணவர்கள் மேல அந்தத் தாக்கம் ரெண்டு மடங்குக்கும் மேல.

எமிலி வைஸ்பர்ஸ்ட்ங்கற பொருளாதார ஆய்வாளர் டெக்சாஸை மட்டும் எடுத்துப் பார்த்தார். மத்திய அரசு மானியத்துல போலீஸ் வந்த இடங்கள்ல நடுநிலைப் பள்ளி மாணவர்கள் மேல ஒழுங்கு நடவடிக்கை சுமார் 6 சதவீதம் கூடுச்சு. பெரும்பாலும் சின்னச் சின்னத் தப்புக்கு. பள்ளிப் படிப்பை முடிக்கிறவங்க எண்ணிக்கை சுமார் 2.5 சதவீதம் குறைஞ்சது.

பெரிய துயரங்கள்லயும் பதில் தெளிவா இல்ல. 2018ல ஃபுளோரிடாவுல பார்க்லண்ட், 17 பேர் இறந்தாங்க. பள்ளிக்குன்னு இருந்த ஆபீசர் உள்ள போகாம வெளிய நின்னார். 2022ல டெக்சாஸ் யுவால்டி, 19 குழந்தைகளும் ரெண்டு ஆசிரியைகளும் இறந்தாங்க. அந்தப் பள்ளி மாவட்டத்துக்குச் சொந்தப் போலீஸ் துறையே இருந்தது. கடைசியில பல துறைகள்ல இருந்து 370க்கும் மேற்பட்ட போலீஸ் வந்து சேர்ந்தாங்க. வகுப்புக்குள்ள நுழைய 77 நிமிஷம் ஆச்சு. இதுக்கு டெக்சாஸ் கண்ட பதில், ஒவ்வொரு பள்ளியிலும் ஆயுதம் தாங்கிய காவலர் இருக்கணும்னு 2023ல ஒரு சட்டம். பணமோ ஆளோ இல்லாத மாவட்டங்களுக்கு விதிவிலக்கு உண்டு.

பணத்தை எங்க போடறோம்ங்கறதும் கேள்வி. போலீஸ் இருந்து, ஆனா கவுன்சலர், நர்ஸ், உளவியலாளர், சமூகப் பணியாளர் இவங்கள்ல யாராவது ஒரு வகையினராவது இல்லாத பள்ளிகள்ல 1.4 கோடி மாணவர்கள் படிக்கிறாங்கன்னு ஏ.சி.எல்.யூ. 2019ல கணக்குச் சொன்னது.

சரி பண்ணின ஊர்கள்

ஜார்ஜியாவுல கிளேட்டன் கவுண்டி. 90கள்ல பள்ளிகளுக்குள்ள போலீஸ் வந்த பிறகு, வருஷத்துக்கு ஒரு சில டஜன் இருந்த பள்ளி வழக்குகள், பத்து வருஷத்துக்குள்ள ஆயிரத்தைத் தாண்டிடுச்சு. பெரும்பாலும் சில்லறைச் சண்டை, கலாட்டா. சிறார் நீதிபதி ஸ்டீவன் டெஸ்கி கடுப்பாயிட்டார். நிஜமாவே ஆபத்தான பசங்களைக் கவனிக்க நேரமே இல்ல. பள்ளி, போலீஸ், கோர்ட் எல்லாரையும் ஒரே மேஜையில உக்கார வெச்சு 2004ல ஒரு ஒப்பந்தம் போட்டார். குறிப்பிட்ட சின்னத் தப்புகளுக்கு முதல் தடவை எச்சரிக்கை. ரெண்டாவது தடவை, சண்டையைப் பேசித் தீர்க்கிற பயிற்சி. மூணாவது தடவைதான் கோர்ட். வழக்குகள் மூணுல ரெண்டு பங்கு குறைஞ்சது. பள்ளிக்குள்ள ஆயுதச் சம்பவங்களும் குறைஞ்சது. பசங்க போலீஸை நம்பி முன்கூட்டியே தகவல் சொல்ல ஆரம்பிச்சாங்கன்னு டெஸ்கி காரணம் சொல்றார்.

ஃபிலடெல்ஃபியாவுல இதைப் பண்ணினது ஒரு போலீஸ் அதிகாரியே. கெவின் பெத்தெல், அப்போ துணை ஆணையர். 2013-14ல பள்ளிகள்ல கிட்டத்தட்ட 1,600 கைது. சின்னத் தப்புல முதல் தடவை மாட்டுற பசங்களைக் கைது பண்ணாம, சமூகப் பணியாளரை வீட்டுக்கு அனுப்பலாம்னு 2014ல மாத்தினார். முதல் வருஷத்துலயே கைது பாதிக்கு மேல குறைஞ்சது. அவர் இப்போ அந்த ஊர் போலீஸ் ஆணையர்.

முழுசா எடுத்துட்டா என்ன ஆகும்? 2020ல ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்கு அப்புறம் மினியாபொலிஸ் பள்ளிகள் போலீஸ் ஒப்பந்தத்தை முறிச்சுக்கிட்டாங்க. டென்வரும் எடுத்தது. ஆனா 2023 மார்ச்ல டென்வர் ஈஸ்ட் பள்ளியில ஒரு மாணவன் ரெண்டு நிர்வாகிகளைச் சுட்டான். சில மாசத்துலயே அங்க திரும்பக் கொண்டு வந்துட்டாங்க. அடுத்த வருஷம் சிகாகோ முழுசா எடுக்க ஓட்டுப் போட்டது. ஊருக்கு ஊர் இழுபறி இன்னும் ஓடுது.

எனக்குத் தோணறது, 'வேணுமா வேண்டாமா'ங்கறதை விட முக்கியமான கேள்வி, எதுக்கு அவரைக் கூப்பிடக் கூடாதுன்னு எழுதி வெச்சிருக்காங்களாங்கறது. கிளேட்டன்ல போலீஸை வெளிய அனுப்பலை. எந்த வேலை அவரோடது இல்லைன்னு தெளிவா எழுதினாங்க.

அக்காவுக்கு நான் சொன்னது

நான் வக்கீல் இல்ல. ஆனா அங்க இருக்கிற எந்த அப்பா அம்மாவும் செய்யக்கூடிய நாலு விஷயம்.

ஒண்ணு, பள்ளிக்கும் போலீஸ் துறைக்கும் நடுவுல எழுத்துல ஒப்பந்தம் இருக்கான்னு கேளுங்க. பெரும்பாலும் இருக்கும். ஒழுங்கு நடவடிக்கையில ஆபீசர் தலையிடலாமான்னு அதுல பாருங்க.

ரெண்டு, குழந்தையை போலீஸ் விசாரிச்சா பெற்றோருக்கு எப்போ தகவல் வரும்னு ஈமெயில்ல கேளுங்க. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேற.

மூணு, பையன்கிட்ட சொல்லிக் கொடுங்க: மரியாதையாப் பேசு, கை ஓங்காதே, ஓடாதே, பொய் சொல்லாதே. ஆனா ஆபீசர் விசாரிச்சா, "எங்க அம்மாகிட்ட பேசிட்டுச் சொல்றேன்"னு சொல்லலாம். அது திமிரு இல்ல, உரிமை.

நாலு, பையைச் சோதனை போடணும்னு கேட்டா, "எனக்குச் சம்மதம் இல்ல"ன்னு வாயால சொல்லலாம். அதையும் மீறிப் பார்த்தா தடுக்கக் கூடாது.

மூணாவது விஷயத்துல அக்கா தயங்கினாங்க. "பெரியவங்க கேட்டா பதில் சொல்லணும்னுதானேடா நாமளே சொல்லி வளர்த்தோம்?" உண்மைதான். நம்ம வீடுகள்ல, "சாப்பிடலைன்னா போலீஸ்ல புடிச்சுக் குடுத்துருவேன்"னுதானே வளர்ந்தோம். இத்தனைக்கும் இந்தியச் சட்டம் இதுல கறாரா இருக்கு. சிறார் நீதிச் சட்டப்படி ஸ்டேஷனுக்கு ஒரு குழந்தைகள் நல போலீஸ் அதிகாரி இருக்கணும். குழந்தைகிட்ட சீருடையில போகக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது, லாக்கப்ல வைக்கக் கூடாது. இங்க பசங்க வெச்சிருக்கிற நம்ம கேட்பவர்களும் இதைத் தெரிஞ்சு வெச்சிக்கோங்க.

அக்கா அந்த ஈமெயிலை அனுப்பிச்சாங்க. ஒரு வாரத்துல ஒப்பந்தத்தோட காப்பி வந்தது, 11 பக்கம். 'ஒழுங்கு நடவடிக்கை பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பு'ன்னு நாலாம் பக்கத்துல இருக்கு. அப்போ அந்த வேப் விசாரணையை ஆபீசர் ஏன் பண்ணினார்னு கேட்டு ரெண்டாவது ஈமெயில் போயிருக்கு. பதில் வந்தா அடுத்த எபிசோடுல சொல்றேன்.

உங்க வீட்லயோ, வெளிநாட்டுல இருக்கிற உங்க சொந்தக்காரங்க வீட்லயோ இப்படி அனுபவம் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. பேரு சொல்ல வேண்டாம், ஊரு மட்டும் போதும். அடுத்த வாரம் பார்க்கலாம். வணக்கம்.